ஏழாவது டேலியா

வாரத்தில் ஐந்து நாள் பல் செய்கிறேன்,
குல்டிகாவின் செங்கல் பாலத்துக்கு அருகே ஒரு மாடியறையில்.
வெள்ளை என்று ஒரு நிறம் இல்லை;
எங்கள் அட்டையில் பதினாறு.
வருகிறவர்கள் கேட்பதோ
பதினேழாவது.

ஞாயிறு என்றால் ஸ்கைட்ரீட்டேயின் தோட்டம்.
அவள் பூ வளர்ப்பது பேருந்து நிலையத்தில் விற்க.
தாங்கியை நட்டு நிற்கும் நான் அவளுக்கு
வேலியிலிருந்து கழன்று வந்த ஒரு கம்பம்.
"நகரு" என்பாள் தண்ணீர்க் குழாயை இழுத்தபடி.
நகர்வேன்.
அரை அடி நகர்ந்தால் போதும்,
அதுவரை ஊதாவாக இருந்த நிழல்
பொய் சொன்னதாக ஒப்புக்கொள்ளும்.

மே மாதம்.
காலையில் உதடு ஒட்டிக் கிடந்த துலிப்
பத்து மணிக்குக் கொட்டாவி விட்டது,
மூன்று மணிக்கு உள்கறுப்பு தெரிய மல்லாந்தது.
ஒரு பூவை மூன்றாய் வரைந்துவிட்டு
எதை அழிப்பதென்று தெரியாமல்
எல்லாவற்றின் மேலும் சிவப்பை அப்பினேன்.
பலகை விலை ஏறிவிட்டது;
சிவப்பு காய்ந்ததும் அதே பலகையில் ஜூன்.

ஜூனில் இரவு பத்தரைக்கும் வெளிச்சம் போவதில்லை.
மழையில் தலை கவிழ்ந்த பியோனிகளைத்
தன் பழைய கழுத்துப் பட்டைகளால்
குச்சியோடு கட்டிக்கொண்டிருந்தான் எவால்ட்ஸ்,
ஸ்கைட்ரீட்டேயின் தம்பி.
"அலுவலகம் போகிறார்கள்" என்றான்.
இளஞ்சிவப்பில் ஓர் எறும்பு சிக்கிக்கொண்டது.
எடுக்கப் பார்த்தேன், கால் பிய்ந்தது.
விட்டுவிட்டேன், அதன் மேல்தான் ஆகஸ்ட்டும்.

ஆகஸ்ட் முழுக்க டேலியா.
நாலு ஞாயிறு, நாற்பது பூ,
பாதிக்கு மேல் பென்சில் கோடாகவே இருந்தன.
செப்டம்பர் ஒன்று பள்ளி திறக்கும் நாள்.
ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஆசிரியைக்குப் பூங்கொத்து ஏந்திப் போக வேண்டும்.
முந்தின இரவு விளக்கு வைத்து வெட்டினாள்.
நான் போனபோது
தண்டுகள், தண்டுகள்,
பூச்சி அரித்ததென்றும் கோணல் என்றும்
கத்தரி ஒதுக்கிய ஆறு.

அந்த ஆறையும் வரைந்தேன்.
பின்னால் வந்து நின்று எண்ணினான் எவால்ட்ஸ்.
உயிரோடு இருப்பவருக்கு ஒற்றைப்படை,
கல்லறைக்கு இரட்டைப்படை:
இங்கே குழந்தைக்கும் தெரிந்த கணக்கு.
"இன்னொன்று போடேன்,
யாருக்குக் கொண்டு போகிறாய் இதை?"
"இருப்பதைத்தான் வரைவேன்" என்றேன்,
பெரிய கொள்கைக்காரி போல.

அக்டோபரில் ஒரே இரவு உறைபனி.
ஆறும் கொதிநீரில் போட்ட கீரையாய்க் கறுத்தன.
கிழங்கைத் தோண்டி மணலில் புதைத்தார்கள்.
டிசம்பரில் காருக்குள் உட்கார்ந்து
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பனியை வரைந்தேன்.
அப்போதுதான் என் பதினாறும் செலவாயின்.

பிப்ரவரியில், வீட்டில், குழல்விளக்கின் கீழ்,
ஏன் என்று தெரியாது,
ஏழாவதைப் போட்டேன். மஞ்சள்.
நேர்த்தியாக வந்தது.
அது பூ இல்லை,
பூவைப் பற்றி எனக்கிருந்த அபிப்பிராயம்.

மார்ச்சில் கதவு தட்டினாள் ஸ்கைட்ரீட்டே.
மேலங்கியில் உருகும் ஆலங்கட்டி.
"எவால்ட்ஸ். வியாழக்கிழமை" என்றாள்.
"மண்ணில் இப்போது எதுவும் இல்லை.
கடைக் கார்னேஷனை அவன் பூவென்றே ஒத்துக்கொள்ள மாட்டான்.
அந்தப் படத்தில்
ஆறுதானே?"

"ஆறுதான். கொஞ்சம் இரு."

உள்ளறையில் வண்ணக் கத்தியால் சுரண்டினேன்.
மேல்தோல் காய்ந்திருந்தது, உள்ளே ஈரம்.
மஞ்சள் வந்தது.
அதன்கீழ் இளஞ்சிவப்பு, ஒரு பொடிக் கறுப்பு,
எறும்பாக இருக்கலாம்.
அதற்கும் கீழே நகக்கண் அளவு
மே மாதத்துச் சிவப்பு.
மூடத் தோன்றவில்லை.

அவள் எண்ணிப் பார்த்தாள், உதடு அசைய.
சிவப்பை எண்ணவில்லை.
பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள்.
கறுப்பு மேலங்கியின் கையில்
மஞ்சள் ஒட்டியிருந்தது.
கூப்பிட்டுச் சொல்ல வாயெடுத்தேன்,
சொல்லவில்லை.